அரை ஸ்பூனில் தொடங்குவோம்

 

இன்றைய பேச்சு சாப்பாட்டைப் பற்றியது. கை கால் அசைவைப் பற்றியது. இதைக் கேட்டதுமே சிலர் முகம் சுருங்கும். "இதைத் தின்னாதே, அதைத் தின்னாதே என்று சொல்ல ஒரு கூட்டமா?" என்று தோன்றும். பயப்பட வேண்டாம். நாளைக் காலையிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்லப் போவதில்லை. மைசூர் பாகைக்கூட விடச் சொல்லவில்லை.

மைசூர் பாகு நம் ஊர்ப் பெருமை அல்லவா? நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா செய்தது என்று சொல்வார்கள். கடலை மாவு, சர்க்கரை, நெய். தசராவுக்கு ஒரு துண்டு தின்றால் குடி முழுகாது. எப்போதோ தின்பதால் கேடு இல்லை. தினமும் தின்பதைத்தான் பார்க்க வேண்டும். தினமும் நம் வாய்க்குள் என்ன போகிறது? எவ்வளவு போகிறது? இதை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

மைசூரில் ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். அது யார் வீடு என்று கேட்காதீர்கள். பல வீடுகளைச் சேர்த்துக் கட்டிய வீடு அது.

அந்த வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். வயது நாற்பத்தைந்து. மனைவி வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுகிறார். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி. காலையில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் சாயந்தரம்தான் எழுந்திருப்பார். வீட்டுக்காரரின் அம்மா தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர். மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள்.

ஆட்டோக்காரருக்குக் கொஞ்ச நாளாக அசதி. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். "இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை. ஆனால் வாசலில் நிற்கிறது" என்றார் டாக்டர். சாப்பாட்டைக் குறையுங்கள், நடங்கள் என்றார்.

வீட்டில் ஒரே கலவரம். மறுநாளே சர்க்கரை டப்பா பரண்மேல் போனது. சோறு நின்றது. மூன்று வேளையும் சப்பாத்தி. அவர் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஓட்டமும் நடையுமாகப் போனார். இது எத்தனை நாள் நடந்தது? நாலே நாள். ஐந்தாம் நாள் முழங்கால் வீங்கியது. தலைவலி. வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். ஆறாம் நாள் பரண்மேல் இருந்த டப்பா கீழே வந்தது. "இதெல்லாம் நமக்கு ஆகாதும்மா" என்றார். அதோடு விஷயம் முடிந்தது.

இது நம் வீடுகளில் நடக்காத கதையா? உடம்புக்கு ஒரு பழக்கம் உண்டு. நாக்குக்கும் ஒரு பழக்கம் உண்டு. இருபது வருடம் ஊறிய பழக்கத்தை ஒரே நாளில் பிடுங்கினால் அது திமிறும்.

அந்தத் தெருவுக்கு வரும் ஆஷா பணியாளர் இதைக் கேட்டுச் சிரித்தார். "அண்ணா, ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?" என்று கேட்டார்.

"ஆறு இருக்கும். ஸ்டாண்டுல நின்னா டீதானே."

"ஒரு டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை?"

"ரெண்டு போடுவான்."

இப்போது நாமே கணக்குப் போடுவோம். ஆறு டீ. டீக்கு இரண்டு ஸ்பூன். மொத்தம் பன்னிரண்டு ஸ்பூன். ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம். பன்னிரண்டு ஸ்பூன் 60 கிராம். முப்பது நாளுக்கு 1,800 கிராம். அதாவது ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல்! ஒரு ஆள், டீயில் மட்டும் குடித்த சர்க்கரை இது. ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அது 2024ஆம் ஆண்டு சாப்பாட்டு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது அந்த வழிகாட்டி.

ஆஷா பணியாளர் என்ன சொன்னார் தெரியுமா? "டீயை விட வேண்டாம். சர்க்கரையையும் விட வேண்டாம். ஒவ்வொரு டீயிலும் அரை ஸ்பூன் குறைங்க. வேறு எதையும் இப்போ தொடாதீங்க."

அரை ஸ்பூன்! இதில் என்ன வந்துவிடும் என்று தோன்றுகிறதா? ஆறு டீக்கு மூன்று ஸ்பூன் மிச்சம். மாதத்துக்கு 450 கிராம். ஏறக்குறைய அரைக் கிலோ சர்க்கரை உடம்புக்குள் போகாமல் நின்றுவிட்டது. கடையில் அவர் செய்தது இவ்வளவுதான்: "சக்கரை கம்மி" என்று சொன்னார். கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதே பேச்சுதான். டீக்கடைக்காரருக்கு இரண்டு மொழியிலும் புரியும்.

முதல் நாலு நாள் டீ சப்பென்று இருந்தது. இரண்டு வாரம் போனதும் அதுவே பழகிவிட்டது. பிறகு இன்னொரு அரை ஸ்பூன். நாக்கு ஏமாறுகிறது என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. நாக்கு கற்றுக்கொள்கிறது. நீங்கள் 'அ' எழுதக் கற்றது போலத்தான். ஒரே நாளில் யாரும் 247 எழுத்தும் எழுதிவிடவில்லையே.

சரி, இப்படிச் சின்னச் சின்னதாக மாற்றினால் நோய் நிற்குமா? இது நியாயமான கேள்வி. இதற்குச் சென்னையில் விடை கிடைத்திருக்கிறது.

டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. நம் ஆட்டோக்காரரைப் போல, நோய் வாசலில் நின்ற 531 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பொதுவான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்குச் சாப்பாட்டிலும் நடையிலும் மாற்றம். வேறு ஒரு பிரிவினருக்கு மாத்திரை. நாலாவது பிரிவினருக்கு இரண்டும்.

மூன்று வருடத்துக்குள் என்ன ஆனது? பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். 55 எங்கே, 39 எங்கே? நூறு பேரில் பதினாறு பேர் தப்பினார்கள். அவர்கள் செய்தது என்ன? தினமும் அரை மணி நேரம் நல்ல வேகமாக நடந்தார்கள். சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் குறைத்தார்கள். நார்ச்சத்து உள்ளதைக் கூட்டினார்கள். உடல் உழைப்பு ஏற்கெனவே இருந்தவர்களுக்கு, "நீங்கள் செய்வதை விடாமல் செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள்.

இந்த எண்களை லேசாக நினைக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டு வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் வாசலில் நிற்கிறார்கள். அந்த 13 கோடியில் உங்கள் தெருவும் உண்டு. இந்த நோய் முற்றினால் கண் போகும். சிறுநீரகம் போகும். காலில் புண் வந்து ஆறாமல், விரலை எடுக்க நேரும். ஆட்டோ ஓட்டுகிறவருக்குக் கண் மங்கினால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

இனிச் சோற்றுக்கு வருவோம். இங்கேதான் அந்த வீட்டில் சண்டை வந்தது.

சர்க்கரை விஷயம் படிந்த பிறகு, ஒரு நாள் மருமகள் சொன்னார்: "அத்தை, ராத்திரிக்கு மட்டும் ராகி களி கிண்டலாமா?"

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "களியா? தினமும் களி தின்னு அலுத்துப் போய்த்தானே அம்மா ஊரை விட்டே வந்தோம்! என் புள்ளை கஷ்டப்பட்டுச் சம்பாதிச்சு அரிசி வாங்கிப் போடுறான். மறுபடியும் களியா?"

அந்த அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு காலத்தில் நம் கிராமங்களில் அரிசிச் சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். களியும் கூழும் ஏழையின் சாப்பாடு. வெள்ளைச் சோறு என்றால் வசதி. வறுமையை நினைவூட்டுகிற பண்டத்தை யாருக்குத் தின்னப் பிடிக்கும்?

நம் மைசூர்ப் பக்கத்தில் இந்த மாற்றத்துக்கு ஒரு வரலாறே உண்டு. கண்ணம்பாடியில் காவிரிக்குக் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணை கட்டும் வேலை 1911ஆம் ஆண்டு தொடங்கியது. அணைத் தண்ணீர் கால்வாயில் ஓடியது. ராகி விளைந்த மண்டியா நிலத்தில் நெல்லும் கரும்பும் தழைத்தன. 1933ஆம் ஆண்டு மண்டியாவில் பெரிய சர்க்கரை ஆலை வந்தது. குடியானவன் கையில் காசு வந்தது. நல்லதுதான். ஆனால் அரிசியும் சர்க்கரையும் தட்டில் ஏற ஏற, ராகி கீழே இறங்கியது.

இதே கன்னட நாட்டில், சுமார் ஐந்நூறு வருடத்துக்கு முன்பு கனகதாசர் என்ற பக்தர் வாழ்ந்தார். 'ராமதான்ய சரிதே' என்று ஒரு நூல் எழுதினார். அதில் நெல்லுக்கும் ராகிக்கும் சண்டை வருகிறது. "நான்தான் உயர்ந்தவன். அரசர் வீட்டிலும் கோயிலிலும் என்னைத்தான் படைக்கிறார்கள்" என்கிறது நெல். "ஏழைக்குச் சோறு போடுவது நான்தான்" என்கிறது ராகி. வழக்கு ராமரிடம் போகிறது. ராமர் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் வைக்கிறார். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால், நெல் நலிந்து கிடக்கிறது. ராகி அப்படியே திடமாக இருக்கிறது. ராமர் ராகிக்கே தம் பேரைக் கொடுத்து வாழ்த்துகிறார். ராகவன் பேரால் ராகி!

கதை என்று தள்ளிவிட வேண்டாம். ராகியைப் பூச்சி எளிதில் அரிக்காது. பல வருடம் கெடாமல் இருக்கும். கன்னட கிராமங்களில் தரைக்கு அடியில் குழி வெட்டி, அதில் ராகியைச் சேமித்தார்கள். மழை பொய்த்த வருடத்தில் அந்தக் குழிதான் உயிர் காத்தது.

சத்தையும் பாருங்கள். 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லி கிராமுக்கு மேல் இருக்கிறது. அதே அளவு வெள்ளை அரிசியில் பத்து மில்லி கிராம்கூடத் தேறுவது அரிது. எலும்புக்கு அந்தச் சத்து வேண்டும். நாற்பது தாண்டிய பெண்களுக்குக் கட்டாயம் வேண்டும். நார்ச்சத்தும் அரிசியைவிட ராகியில் பல மடங்கு அதிகம். மண்டியாவில் வி.சி. பண்ணை என்ற ஆராய்ச்சிப் பண்ணை உண்டு. அங்கே லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி, இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டி, கூடுதல் விளைச்சல் தரும் ரகங்களை உருவாக்கினார். இந்தியா, ஆப்பிரிக்கா என்ற இரண்டு பெயரையும் சேர்த்து 'இண்டாப்' என்று பெயர் வைத்தார்கள். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கேட்டது இந்தியாதான். ஏழைச் சாப்பாடு என்று நாம் தள்ளியதை இப்போது பணக்காரர்கள் பாக்கெட்டில் வாங்கித் தின்கிறார்கள்!

ஆனால் ஒரு எச்சரிக்கை. ராகி நல்லது என்று தலையளவு களியைத் தின்றால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். ராகி மால்ட் என்று சொல்லி மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடித்தால் என்ன லாபம்? சின்ன உருண்டை போதும். அதோடு கீரைச் சாறு, பருப்பு, காய் சேர வேண்டும்.

அந்த வீட்டில் கடைசியில் எப்படிச் சமாதானம் ஆனது? வாரத்துக்கு இரண்டு ராத்திரி மட்டும் களி. மற்ற நாள் சோறு. களி கிண்டும் வேலை மாமியாருக்கு. கட்டி தட்டாமல் கிண்டத் தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அவருக்கு ஒரு பெருமை. பேத்தி பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டாள். அதற்கு அடுத்த மாதம், சோறு வைக்கும் நாளிலும் ஒரு மாற்றம். முதலில் தட்டில் காய் வைக்க வேண்டும். பிறகுதான் சோறு. தட்டில் இடம் குறைந்ததால் சோறு தானாகக் குறைந்தது. யாரும் யாரையும் அதட்டவில்லை.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி, பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழமும் சொல்கிறது. நம் வீடுகளில் நாலு பேருக்குச் சேர்த்தே கால் கிலோ காய்தான் வாங்குகிறோம். விலை அப்படி. அதனால் ஒரே அடியாக 400 கிராமுக்குப் போக முடியாது. தினமும் ஒரு கட்டுக் கீரை கூடுதலாக வாங்க முடியுமா? தேவராஜ மார்க்கெட்டில் அந்தந்தப் பருவத்தில் மலிந்து கிடப்பது எதுவோ, அதை வாங்க முடியுமா? சாயந்தரம் டீயோடு தின்னும் போண்டாவுக்குப் பதில், வாரத்தில் மூன்று நாள் ஒரு கைப்பிடி வேர்க்கடலை அல்லது சுண்டல். காசும் மிஞ்சும். வேர்க்கடலையும் கடலையும் லேசான பண்டம் அல்ல. நம் மைசூரில் செலுவாம்பா மாளிகையில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம், அந்த இரண்டின் மாவையும் கலந்துதான் பசித்த பிள்ளைகளுக்குச் சத்து மாவு தயாரித்தது.

உப்புக்கும் எண்ணெய்க்கும் ஒரு எளிய வழி இருக்கிறது. இதற்கு நீங்கள் கற்ற எழுத்து உதவும். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில், அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். தீர்ந்த நாளையும் எழுதுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாலு பேருக்கு மாதம் 600 கிராம். உங்கள் வீட்டில் ஒரு கிலோப் பாக்கெட் மாதம் முடியுமுன் தீர்கிறதா? அப்படியானால் ரத்தக் கொதிப்புக்கு நீங்களே கதவைத் திறக்கிறீர்கள். ஊறுகாய், அப்பளம், கடைச் சிப்ஸ் இவற்றில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் வரவே இல்லை! எண்ணெய் நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டருக்குள் இருந்தால் நல்லது. பாட்டிலிலும் தேதி எழுதுங்கள்.

இப்போது நடையைப் பார்ப்போம்.

"நாங்கள் என்ன சும்மாவா இருக்கிறோம்? நாள் முழுக்க வேலைதானே" என்று பெண்கள் கேட்பது வழக்கம். உண்மைதான். ஆனால் ஊதுபத்தி உருட்டும் பெண்ணைப் பாருங்கள். கை ஓடுகிறது. கால் மடங்கிக் கிடக்கிறது. தையல் வேலையும் அப்படித்தான். களைப்பு வருகிறது. உடம்புக்கு வேண்டிய அசைவு வருவதில்லை. ஆட்டோக்காரரும் நாள் முழுவதும் ஊர் சுற்றுகிறார், உட்கார்ந்தபடியே!

அந்த மனைவி செய்தது இதுதான். இருநூறு குச்சி உருட்டியதும் எழுந்துவிடுவார். தண்ணீர்க் குடத்தை எடுத்து வைப்பார். வாசல் வரை நாலு நடை நடப்பார். மறுபடி உட்காருவார். கூலி குறையவில்லை. முதுகு வலிதான் குறைந்தது. கணவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் தெருவில் நடந்தார். சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடந்தால், ரத்தத்தில் சர்க்கரை உயர்வது மட்டுப்படும். பத்து நிமிஷம் ஒரு மாதத்தில் பதினைந்து ஆனது. பிறகு இருபது. மகளும் கூட வந்தாள். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அப்போதுதான் அப்பாவுக்குத் தெரிய வந்தது.

வாரத்தில் 150 நிமிஷம் வேகமாக நடந்தால் பெரியவர்களுக்குப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவும் முடியாதவர்கள் முடிந்ததைச் செய்யலாம். சும்மா இருப்பதைவிடக் கொஞ்சம் அசைவது மேல். செல்போன் வைத்திருப்பவர்கள் 'பத்தாயிரம் அடி' என்று பயமுறுத்துவார்கள். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965ஆம் ஆண்டு ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. 'பத்தாயிரம் அடிக் கருவி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வியாபாரப் பெயர்! மருத்துவர் சொன்ன சட்டம் அல்ல. நேற்று இரண்டாயிரம் அடி நடந்தவருக்கு இன்று மூவாயிரம் என்றால் அதுவே பெரிய லாபம்.

மைசூரில் நடப்பதற்கு இடப் பஞ்சம் இல்லை. குக்கரஹள்ளி ஏரி 1864ஆம் ஆண்டு மும்முடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் வெட்டியது. கன்னடத்தின் பெருங்கவி குவெம்பு அந்தக் கரையில் நடந்தவர். சுற்றி வந்தால் நாலு ஐந்து கிலோமீட்டர் இருக்கும். முழுச் சுற்று முதல் நாளே வேண்டாம். முதல் வளைவு வரை போய்த் திரும்புங்கள்.

சாமுண்டி மலைப் படிகளையும் சொல்லாமல் முடியாது. தொட்ட தேவராஜ உடையார் 1659 முதல் 1673 வரை ஆண்டார். அவர் காலத்தில் அமைத்தவை அந்தப் படிகள். ஆயிரத்துக்குச் சற்று அதிகம். ஆஷாட வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு படியிலும் குனிந்து, நிமிர்ந்து, நின்று ஏறுகிறார்கள். அவசரப்படுவதில்லை. அதனால்தான் அறுபது வயதுப் பெண்ணும் ஏறிவிடுகிறார். இளவட்டங்கள் முதல் நூறு படியை ஓடிவிட்டு, நந்திக்கு முன்னாலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் வேண்டுதல் என்று வெறுங்காலோடு ஏற வேண்டாம். கால் மரத்துப்போயிருக்கும். கல் குத்தினாலும் தெரியாது. அந்தச் சிறு காயம்தான் பிறகு பெரிய புண்ணாகும். செருப்பை உச்சியில் கழற்றினால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். மூட்டு வலி உள்ளவர்களுக்குப் படி வேண்டாம். சமதளமே போதும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், இடது தோள் வலித்தால், தலை சுற்றினால் உடனே நில்லுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்று தாங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. சாப்பாட்டைக் குறைக்கும்போதும் டாக்டரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

"உடம்பு பலவீனம். எங்களால் ஆகாது" என்பவர்களுக்கு ஒரு செய்தி. கோலார் மாவட்டத்துப் பெல்லூரில் 1918ஆம் ஆண்டு ஒரு பிள்ளை பிறந்தது. நோஞ்சான் பிள்ளை. மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று ஒன்று மாற்றி ஒன்று. 1934ஆம் ஆண்டு அந்தப் பையன் மைசூருக்கு வந்தான். அவனுடைய அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியார், ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தி வந்தார். குனிந்தால் பையனின் கை காலைத் தொடாது. அவ்வளவு விறைப்பு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினான். அந்தப் பையன்தான் பி.கே.எஸ். அய்யங்கார். உலகம் முழுவதும் யோகம் சொல்லிக் கொடுத்தவர். 2014ஆம் ஆண்டு, 95 வயதில் மறைந்தார். முதுமையிலும் பயிற்சியை விடவில்லை. குனிய முடியாதவர்களுக்கு மரக்கட்டை கொடுத்தார். எட்டாதவர்களுக்குக் கயிறும் வாரும் கொடுத்தார். நிற்க முடியாதவர்களுக்கு நாற்காலி கொடுத்தார். முடியாது என்று யாரையும் அனுப்பிவிடாமல், முடிகிற இடத்திலிருந்து தொடங்கிவைத்தார்.

ஒரு வீடு மாறலாம். ஒரு வட்டாரமே மாற முடியுமா? பின்லாந்து நாட்டில் வட கரேலியா என்று ஒரு பகுதி. பால் மாடு நிறைந்த ஊர்கள். ரொட்டியில் கனமாக வெண்ணெய் தடவித் தின்பார்கள். உப்பும் அதிகம். நல்ல வயதிலேயே ஆண்கள் மாரடைப்பில் செத்தார்கள். 1972ஆம் ஆண்டு அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. பெண்கள் சங்கங்கள் வீடு வீடாகச் சமையலை மாற்றிக் காட்டின. பழைய குழம்பிலேயே காயைக் கூட்டி, கொழுப்பையும் உப்பையும் குறைத்தார்கள். சில பத்து ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு நாலில் மூன்று பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. நம் சுய உதவிக் குழுக்கள் வாரம் ஒரு முறை கூடுகின்றனவே. கடன் கணக்கோடு உப்புக் கணக்கையும் பேசினால் என்ன?

வீட்டில் தொங்கும் காலண்டரை எடுத்துக் கொள்ளுங்கள். இந்த மாதம் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். செய்த நாளில் ஒரு டிக் போடுங்கள். தவறிய நாளை வெறுமையாக விடுங்கள். கல்யாணம், திருவிழா, காய்ச்சல் என்று நாலு நாள் தவறத்தான் செய்யும். ஐந்தாம் நாள் மறுபடி டிக் போட்டால் போதும். மாதத்தில் இருபது டிக் விழுந்தால் அடுத்த மாற்றத்துக்குப் போகலாம். விழாவிட்டால் அதே மாற்றத்தை இன்னும் சின்னதாக்குங்கள். அரை ஸ்பூன் கஷ்டமா? கால் ஸ்பூன்.

அந்த ஆட்டோக்காரர் ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தார். முன்பு 118 என்று இருந்த எண் 104 ஆகியிருந்தது. முழுதாக நல்ல எண் அல்ல. ஆனால் இறங்கும் எண்.

முப்பது வயது தாண்டிய யாரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். காலையில் வெறும் வயிற்றோடு போங்கள். சீட்டைக் கையில் வாங்கி நீங்களே படியுங்கள். வெறும் வயிற்றில் எடுத்த எண் 100க்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை என்றால் நோய் வாசலில் நிற்கிறது. 126 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டர் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார். அந்த எண்ணை, தேதியோடு, காலண்டரின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.